‘ஆல்’ என்று சொன்னால் ‘ஆல்தான்’ என்று கேட்கும் காது: நிபந்தனைக் கூற்றுகளோடு நம் அனுபவங்கள்

தொடக்கப் பகிர்வு, ஒரு கணித ஆசிரியை:

மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். தருக்கப் பாடத்தில் மாணவர்கள் இடறி விழும் இடம் எப்போதும் ஒன்றுதான்: ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்னும் நிபந்தனைக் கூற்றின் மெய் அட்டவணையில் (முன், பின் பகுதிகள் மெய்யா பொய்யா என்பதைப் பொறுத்து முழுக் கூற்றும் மெய்யா பொய்யா என்று காட்டும் அட்டவணை) மூன்றாம், நான்காம் வரிகள். முன்பகுதி பொய்யாக இருக்கும்போது முழுக் கூற்றும் மெய் என்று எழுதியவுடன், “முன்பகுதியே நடக்கவில்லை, பிறகு எப்படி அம்மா மெய் என்கிறீர்கள்?” என்று ஒரு மாணவி எழுந்து நின்று கேட்டாள். வரையறை அப்படித்தான் என்று சொல்லி நான் அவளை உட்கார வைத்திருக்கலாம். நான் மாணவியாக இருந்தபோது அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இல்லை என்பதால், அவளுக்கும் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

‘ஓர் எண் 4ஆல் வகுபட்டால் அது 2ஆல் வகுபடும்’ என்று கரும்பலகையில் எழுதினேன். இது எல்லா முழு எண்களுக்கும் பொருந்துமா என்று கேட்டேன். தயங்காமல் பொருந்தும் என்றாள். அப்படியானால் 8, 6, 7 ஆகிய மூன்றுக்கும் பொருந்த வேண்டும். 8இல் இரு பகுதிகளும் மெய். 6இல் முன்பகுதி பொய், பின்பகுதி மெய். 7இல் இரண்டுமே பொய். இந்த எண்களில் எதுவும் கூற்றை உடைக்கவில்லை என்பதை அவளே சொன்னாள். கூற்றை உடைக்க வேண்டுமானால் 4ஆல் வகுபட்டும் 2ஆல் வகுபடாத ஓர் எண் வேண்டும். அப்படி ஓர் எண் கிடையாது. முன்பகுதி மெய்யாகவும் பின்பகுதி பொய்யாகவும் அமையும் ஒரே ஒரு வரியில் மட்டும் அட்டவணை ஏன் ‘பொய்’ என்கிறது என்பது அப்போது அவளுக்கு விளங்கியது. கிரேக்கத் தருக்கவாதி ஃபைலோ ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வரையறையைக் கூறியிருக்கிறார்.

அடுத்து, முன்னும் பின்னும் இடம் மாறிய மறுதலையை எழுதினோம்: ‘2ஆல் வகுபட்டால் 4ஆல் வகுபடும்.’ இதை 6 உடைத்துவிடுகிறது. இடம் மாற்றாமல் இரு பகுதிகளையும் மறுத்த வடிவமான ‘4ஆல் வகுபடாவிட்டால் 2ஆல் வகுபடாது’ என்பதையும் அதே 6 உடைக்கிறது. ஒரே எண் இரண்டையும் உடைப்பது தற்செயல் அன்று. அந்த இரண்டும் ஒரே செய்தியின் இரு வடிவங்கள். இடம் மாற்றியும் மறுத்தும் எழுதிய ‘2ஆல் வகுபடாவிட்டால் 4ஆல் வகுபடாது’ என்பது மட்டும் மூலக் கூற்றோடு சேர்ந்தே நிற்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும், அடுத்த தேர்விலேயே வகுப்பில் பலர் மறுதலையை மெய் என்று எழுதியிருந்தார்கள். உங்களில் எவருக்கேனும் இது போன்ற அனுபவம் உண்டா?

மறுமொழி, மென்பொருள் சோதனைப் பணியில் இருப்பவர்:

என் அனுபவம் வேலையில் நேர்ந்தது. ஒரு பதிவு அழிக்கப்பட்டிருந்தால் அதற்கு மேலாளரின் ஒப்புதல் இருக்க வேண்டும் என்பது விதி. அழிப்புக் குறிப்புகள் முப்பது நாட்களுக்கு மட்டுமே சேமிக்கப்பட்டிருந்ததால், பழைய பதிவுகளை ஒப்புதல் பட்டியலிலிருந்துதான் சரிபார்க்க முடிந்தது. ஒப்புதல் கிடைத்தவை ஒவ்வொன்றும் அழிக்கப்பட்டிருக்கிறதா என்று இரண்டு நாட்கள் அமர்ந்து பார்த்தேன். அந்த உழைப்பு முழுவதும் வீண், ஏனெனில் ஒப்புதல் கிடைத்த பதிவு அழிக்கப்படாமல் இருந்தாலும் விதி மீறப்படுவதில்லை. நான் பார்த்திருக்க வேண்டியது ஒப்புதல் மறுக்கப்பட்ட பதிவுகள் இன்னும் இருக்கின்றனவா என்பதைத்தான். மூத்தவர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு பார்த்தபோது, அவற்றில் மூன்று காணாமல் போயிருந்தன.

உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட அட்டைச் சோதனையைப் பின்னர் படித்தபோது, என் பிழை அப்படியே அதில் இருந்தது. ஒரு பக்கம் ஆங்கில உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும் என்பது விதி. ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் எண்ணும் கொண்ட நான்கு அட்டைகள் மேசையில் இருக்கின்றன; ‘ஈ’, ‘கே’ என்னும் இரு ஆங்கில எழுத்துகளும் 4, 7 என்னும் எண்களும் தெரிகின்றன. விதி மீறப்பட்டதா என்று அறிய எவற்றைப் புரட்ட வேண்டும் என்பது கேள்வி. பெரும்பாலோர் ‘ஈ’யையும் 4ஐயும் புரட்டுகிறார்கள், புரட்ட வேண்டியவை ‘ஈ’யும் 7உம். நான் இரண்டு நாட்களாகப் புரட்டிக்கொண்டிருந்தது அந்த 4ஐத்தான்.

மறுமொழி, ஒப்பந்தங்களை மொழிபெயர்ப்பவர்:

அம்மா, உங்கள் மாணவர்கள் எழுதியதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று என்றே நினைக்கிறேன். ‘நீ வந்தால் தருவேன்’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனத்தில் ‘வந்தால்தான் தருவேன்’ என்றே பதிகிறது. சொல்லாத ஒரு ‘தான்’ தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒரு சொல் கூற்றின் திசையையே திருப்பிவிடுகிறது: ‘வந்தால் தருவேன்’ என்றால் வரவு கொடையை உறுதி செய்கிறது, ‘வந்தால்தான் தருவேன்’ என்றால் கொடை வரவை உறுதி செய்கிறது. முன்னதன் மறுதலை பின்னது. தமிழுக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று இது. 1971இல் கைஸ், சுவிக்கி என்னும் இரு மொழியியலாளர்கள் ஆங்கிலத்தில் இதே போக்கை விளக்கி எழுதியிருக்கிறார்கள்.

‘முன்னறிவிப்புக் கொடுத்தால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்’ என்று எழுத வேண்டிய இடத்தில், ஓசை நன்றாக இருக்கிறதே என்று நான் ஒருமுறை ‘கொடுத்தால்தான்’ என்று எழுதிவிட்டேன். முன்னறிவிப்பே இல்லாமல், இரு தரப்பும் இசைந்தால் முடித்துக்கொள்ளலாம் என்று இன்னொரு பிரிவு கூறியது. இரண்டெழுத்துகளால் இரு பிரிவுகளும் முரண்பட்டு, ஆவணம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து ‘ஆல்’ வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று படிக்கிறேன்.

ஆயினும் திருப்பி மறுக்கும் வடிவம் நமக்கு அந்நியமானது அன்று. ‘நெருப்பில்லாமல் புகையாது’ என்று சொல்லும்போது, புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பதைத்தானே சொல்கிறோம்? நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்று அது சொல்லவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று தருக்க நூலார் எடுத்துக்காட்டுவார்கள்.

தொடக்கப் பகிர்வை எழுதிய ஆசிரியை:

ஐயா, உங்கள் ‘தான்’ என்ற சொல்லை வகுப்புக்குக் கொண்டுசென்றேன். ‘n பகா எண்ணாக இருந்தால், 2ⁿ − 2 என்பது nஆல் வகுபடும்’ என்று எழுதி, இங்கே ‘இருந்தால்தான்’ என்று எழுதலாமா என்று கேட்டேன். 4, 6, 8, 9 என்று 30 வரை பகு எண்களைப் போட்டுப் பார்த்தார்கள், எதுவும் வகுபடவில்லை. எழுதலாம் என்று வகுப்பே சொன்னது. நான் 341 என்று எழுதினேன். அது 11ஐ 31ஆல் பெருக்கினால் வருவது. 2¹⁰ = 1024; அதை 341ஆல் வகுத்தால் மீதி 1. 2³⁴⁰ என்பது 34 முறை 2¹⁰ஐப் பெருக்கியது, ஆகவே அதை வகுத்தாலும் மீதி 1. 2³⁴¹ − 2 மீதியின்றி வகுபடுகிறது. முன்பு எழுந்து நின்று கேட்ட அதே மாணவி முன்வந்து ‘தான்’ என்ற சொல்லை அழித்தாள்.

பிறகு அவளே கேட்டாள்: “வகுபடாவிட்டால் அது பகா எண் அன்று என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம், இல்லையா அம்மா?” ஆம், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலேயே அப்படிச் சொல்லலாம்.