புதுப்பிப்பு: கடைசியில் 3எஸ் லிப்போதான் வாங்கினேன்

என் 1/8 பிரஷ்லெஸ் பக்கிக்கு (ரிமோட்டில் ஓட்டும் மண்தரை கார்) லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, 3எஸ்ஸா 4எஸ்ஸா, மூன்று செல்லா நான்கு செல்லா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன், பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு 4எஸ் போடு என்றீர்கள். வாங்கியது 3எஸ், 5000 எம்ஏஎச், ஹார்டு கேஸ். 11.1 வோல்ட்தான், ஆனால் நான் ஓட்டுவது கிருஷ்ணகிரி அணைப் பக்கத்து மண் தரையில், அங்கே இதற்கே பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றி வண்டி குறுக்கே திரும்பிவிடுகிறது. 14.8 வோல்ட் கொடுத்தால் புழுதிதான் மிச்சம்.

சி ரேட்டிங் (பேட்டரி எவ்வளவு கரண்ட் தரும் என்ற அளவு) பற்றிக் கேட்டவர்களுக்கு: என் பேட்டரியில் 50சி என்று போட்டிருக்கிறது, கணக்குப்படி 5000 எம்ஏஎச், அதாவது 5 ஆம்பியர்-மணி கொள்ளளவை 50ஆல் பெருக்கினால் 250 ஆம்பியர். அதை அப்படியே நம்பாதீர்கள், ஸ்டிக்கரில் என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒரே அளவு, ஒரே வோல்டேஜ் என்றால் நான் எடையைப் பார்ப்பேன், சந்தேகப்படும்படி லேசாக இருந்தால் வேண்டாம். அப்புறம் ஓட்டி முடித்ததும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பினியனில் (மோட்டாரில் மாட்டும் சின்ன பல்சக்கரம்) பல் குறைக்க வேண்டும், இல்லை நல்ல பேட்டரிக்கு மாற வேண்டும்.

ஓசூர் தம்பி, பேட்டரியை முழு சார்ஜில், அதாவது செல்லுக்கு 4.2 வோல்ட்டில், வாரக்கணக்கில் வைக்காதே, உப்பிவிடும். 3.8க்குக் கொண்டுவந்து வை. ஓட்டும்போது செல் வோல்டேஜ் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் நான் 3.4இல் வைத்திருக்கிறேன்.

4எஸ் ஆசை போகவில்லை, ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தாங்கும், சின்ன பினியன் கிடைத்ததும் பார்ப்போம்.