கல்திட்டைக்கு மந்திர சக்தி கொடுக்கலாமா? ஒரு சிறார் கதையை முன்வைத்து

பனங்காடன்:
பத்து வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு மாயக்கதை எழுதி வருகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் ஆடு மேய்க்கப் போகும் அக்காவும் தம்பியும், கற்பலகைகளை நிறுத்திச் சிறு அறைபோல் அமைத்த பழங்காலக் கல்திட்டையின் பலகைக்கல்லில் உள்ள வட்டமான இடுதுளை வழியே தவழ்ந்து குள்ளர்களின் உலகத்துக்குள் நுழைகிறார்கள். அந்த உலகத்தையும் அதன் செல்வத்தையும் காப்பது கல்லுக்குள் உறங்கும் ஒரு சக்தி. கல்திட்டைகளைக் குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்று ஊர் மக்கள் அழைப்பதிலிருந்துதான் கதை பிறந்தது. கருத்துகளை வரவேற்கிறேன்.

ஈமத்தாழி:
ஐயா, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கல்திட்டை என்பது 2,000 ஆண்டுகளுக்கும் முன்பு, இறந்தவர்களுக்காக அவர்களுடைய மக்கள் பாறையைப் பலகைகளாகப் பிளந்து, சுமந்து, நிறுத்திய ஈமச்சின்னம். அதைக் குள்ளர் வீடாக்கினால் அந்த உழைப்பும் துக்கமும் மறைந்துபோகின்றன. அதைவிடக் கவலைக்குரியது நீங்கள் சொல்லும் செல்வம். புதையல் இருப்பதாக நம்பித்தான் எத்தனையோ திட்டைகளைக் கடப்பாரையால் பெயர்த்துப் போட்டார்கள். பலகை சாய்ந்து கிடந்த ஒரு திட்டையின் முன் நானே நின்றிருக்கிறேன். அந்த நம்பிக்கையைப் பிள்ளைகளின் மனத்தில் நாமே விதைக்க வேண்டுமா?

பனங்காடன்:
புதையலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, அதை நீக்கிவிடுகிறேன். ஆனால் சக்தியை நீக்க மாட்டேன், ஏனென்றால் கல்லுக்குச் சக்தி உண்டு என்பது நான் புனைந்தது அன்று. இறந்த வீரனுக்காக நட்ட நடுகல்லைத் தொழாமல் கடந்து போகாதே என்று வழிப்போக்கனிடம் சொல்கிறது புறநானூற்றின் 263ஆம் பாட்டு. தொழுதால் அந்தக் கொடிய வழியும் வண்டுகள் மிகுந்து செழிக்கும் என்கிறது. அக்காலத்துப் பெரியவர்களே கல்லின் முன் அப்படி நின்றிருக்கும்போது, பத்து வயதுப் பிள்ளை நிற்பதில் என்ன பிழை?

ஈமத்தாழி:
அடுத்த பாட்டையும் படியுங்கள். கல்லுக்குப் பூங்கண்ணியும் (பூமாலையும்) மயிற்பீலியும் சூட்டி, வீரனின் பெயர் பொறித்து நட்டார்கள் என்று வருகிறது. அவர்கள் தொழுதது ஒரு பெயரை, அந்தப் பெயருக்குரிய மனிதனை; கல்லுக்குள் உறங்கும் ஏதோ ஒன்றை அன்று.

நெல்லிமரம்:
நடுவில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பள்ளியில் கதை சொல்கிறவள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் இருக்கிறது. அதில் கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு அருகில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டே சொல்கிறது. இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஒரு சிறுவன், "அது இப்பவும் காவல் காக்குதா, டீச்சர்?" என்று கேட்டான். குள்ளர் உலகம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

பனங்காடன்:
அந்தச் சிறுவன் கேட்டதுதான் மாயக்கதை, அம்மா! கல்லில் இருக்கும் நாய் இன்னும் காக்கிறது என்று நம்பும் மனத்துக்குத்தான் நான் எழுதுகிறேன்.

ஈமத்தாழி:
அப்படியானால் கல்லைக் காவலாகவே வைத்து எழுதுங்கள், அதற்கு நான் எதிரி அல்லேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகளை இடுதுளைக்குள் தவழ வைக்காதீர்கள். கதையில் செய்ததை நேரிலும் செய்து பார்ப்பார்கள். பலகைகள் ஒன்றையொன்று தாங்கித்தான் நிற்கின்றன.

பனங்காடன்:
ஏற்கிறேன். தம்பி உள்ளே போக மாட்டான், துளையில் காதை வைத்துக் கேட்பான். உள்ளிருந்து ஒரு குரல் தன் பெயரைச் சொல்லும். குள்ளர்களை மட்டும் இன்னும் விட மனம் வரவில்லை.