புதுப்பிப்பு: பெற்றோருக்கான தமிழ்வழி இணைய உளவளத்துணை (திருகோணமலை)

கணவர் கட்டாரில் இருக்க, மாமியோடும் இரண்டு பிள்ளைகளோடும் உப்புவெளியில் திணறுவதாகவும், தமிழில் இணையவழி உளவளத்துணை கிடைக்குமா என்றும் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

முதலில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்குமாறு ஒருவர் எழுதியதே கைகொடுத்தது. தமிழில் பேசியவர் நான் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, தொடர்ந்து பேசுவதற்கு ஓர் உளவளத்துணையாளரைத் தேடிக்கொள்ளும் வழியையும் சொன்னார். அப்படித் தேடிக்கொண்ட உளவளத்துணையாளரோடு இணையவழியாகப் பேசத் தொடங்கினேன்; காணொளி அடிக்கடி உறைந்ததால் மூன்றாம் அமர்விலிருந்து குரல் அழைப்புக்கு மாறினோம். முகம் தெரியாதபோது பேச்சு இன்னும் எளிதாக வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

உளவளத்துணையாளர் தந்த முதற்பயிற்சி, நாளுக்குப் பத்து நிமிடம் தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மகன் சொல்லும் விளையாட்டை அவன் சொல்லும்படியே, திருத்தாமல் விளையாடுவது. முதல் நாள் சோடா மூடிகளை வரிசையாக அடுக்கி, "இது கோணேசர் கோயில் பஸ், நீங்கள் கொண்டக்டர்" என்றான். அந்த வாரம் நான் கை ஓங்கியது ஒரே ஒரு முறை. அதற்கு முன் கணக்கே இல்லை.

மாமிக்குக் கேட்டுவிடும் என்று முற்றத்தில், நுளம்புக்கடியில் நின்றுதான் பேசிவந்தேன். நான்காம் வாரம் அவரே கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "பிள்ளை, நீ உள்ளுக்கிருந்து கதை, நான் இங்க இருக்கிறன்" என்றார்.