மறு: கையடைத் தோட்டாவா, கையடைப்பு ரவையா?

வணக்கம்.

துப்பாக்கி ரவைகளை ஒப்பிட்டு நான் எழுதும் கட்டுரைக்கு, 'handload' (ஆலையில் அல்லாமல் கையால் நிரப்பிய ரவை) என்பதற்குச் சென்னை நண்பர் தந்த 'கையடைத் தோட்டா' எனக்கு ஒட்டவில்லை. கையடை என்றால் ஒருவர் பொறுப்பில் ஒப்படைப்பது. தசரதன் இராமனை முனிவரிடம் ஒப்படைக்கும் இடத்துக்குக் கம்பனில் 'கையடைப் படலம்' என்றே பெயர். கோது (உறை), வெடிமருந்து, சன்னம் (பாயும் குண்டு) எல்லாவற்றையும் தனித்தனியே வாங்கிக் கையால் அடைத்த ரவைக்குக் 'கையடைப்பு' போதும். சுட்ட கோதையே திரும்ப நிரப்பினால் 'மீளடைப்பு'. புதுக் கோதிலும் கையடைப்புச் செய்வார்கள், அதனால் இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

நான் ரவையைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஊர்ப்பற்றினால் அல்ல. முழுசுக்கு ரவை, பறந்து போவதற்குச் சன்னம், கீழே விழுவதற்குக் கோது என்று இலங்கையில் எங்களிடம் மூன்று சொல் புழக்கத்தில் இருக்கிறது. தோட்டா, குண்டு என்ற இரண்டை மட்டும் வைத்து இந்த ஒப்பீட்டை எழுதினால் இடறும். (கொழும்பு வெள்ளவத்தைக் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "ரவையா, உப்புமாவுக்கா?" என்றார். சரி, அது ஒரு குறைதான்.)

உண்மையான சிக்கல் காலிபரில், அதாவது .38, .45 என்று ரவைக்குச் சொல்லும் அளவுப் பெயரில் இருக்கிறது. 'விட்டம்' என்று போட்டால் பொய்யாகிவிடும். .38 ஸ்பெஷல் என்ற சுழல் துப்பாக்கி ரவையின் சன்னம் .357 அங்குலம்தான், 38 என்பது கோதின் வெளி அகலத்தை ஒட்டி வந்த பெயர். 1935இல் வந்த .357 மேக்னத்துக்கும் அதே விட்டச் சன்னம். கோது மட்டும் கொஞ்சம் நீளம், பழைய .38 சுழல் துப்பாக்கிக்குள் போய்விடாதபடி. ஆகவே பெயருக்கு 'வாய்', அளந்து சொல்வதற்குச் 'சன்ன விட்டம்' என்று பிரிக்கலாம். சின்ன வயதில் ஊரில் பொறுக்கிய கோதை உதட்டில் வைத்து ஊதினால் விசில் வரும். ஊதும் பக்கத்தை அப்போதே வாய் என்றுதான் சொன்னோம்.

சன்னத்தின் எடையைச் சொல்லும் 'கிரெயின்' (grain) என்ற அலகைத் தமிழாக்க வேண்டாம். 9 மில்லிமீற்றர் வாய்க்கு வழக்கமான சன்னம் ஒன்று 115 கிரெயின், ஏறத்தாழ 7.5 கிராம்; .45க்கு 230, சரியாக இரட்டிப்பு. தானிய மணி என்ற நேர்ப்பொருளைப் பார்த்து 'மணி' என்று எழுதினால் வாசகர் மருந்தை மணி மணியாக எண்ணத் தொடங்கிவிடுவார்.

சன்னத்தைக் கோதுக்குள் இறக்கி நிறுத்தும் வேலைக்கு இப்போதைக்கு 'அமர்த்தல்' என்று போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கட்டுரையைக் கொடுக்க வேண்டும். இதைவிட நல்ல சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.