ஸ்பிரின்ட் ரிவ்யூவுக்கு ‘மீளாய்வு’ வேண்டாம், ‘தவணைக் கலந்தாய்வு’ வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஸ்பிரின்ட் ரிவ்யூவுக்குத் தமிழ்ச் சொல் என்னன்னு ரெண்டு நாளா ஓடிட்டிருக்கிற இழையை முதல்லேர்ந்து படிச்சேன். புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: சாஃப்ட்வேர் டீம்கள் வேலையைச் சின்னச் சின்னக் காலக்கெடுவா பிரிச்சுக்கறதுதான் ஸ்பிரின்ட், அதோட முடிவுல செஞ்சதை வெளியாட்களோட உட்கார்ந்து பாக்கற கூட்டம்தான் ஸ்பிரின்ட் ரிவ்யூ. பாதிப் பேர் ‘மீளாய்வு’ன்னு வச்சு முடிச்சிடலாம்னு சொல்லியிருக்கீங்க. அகராதியில பாத்தா அது சரிதான். ஆனா அந்தக் கூட்டம் பல டீம்கள்ல கெட்டுப்போறதே அந்த அர்த்தத்துல அதைப் புரிஞ்சுக்கறதாலதான், அதையே தமிழ்லயும் பதிச்சு வச்சுட்டா அப்புறம் மாத்த முடியாது, அதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

மீளாய்வுன்னு கேட்டதும் என்ன தோணுது? ஒருத்தர் செஞ்சு முடிச்சதை இன்னொருத்தர் உட்கார்ந்து சரியா தப்பான்னு திரும்பப் பாக்கறது. கோட் ரிவ்யூவுக்கு இது கச்சிதமா பொருந்தும், அந்தச் சொல்லை அதுக்கே விட்டுடலாம். ஸ்பிரின்ட் ரிவ்யூவுக்கு வச்சா டெவலப்பர்லாம் ஒரு பக்கம் கைகட்டி நிக்க, எதிர்ல மேனேஜரும் கிளையன்ட்டும் மார்க் போட வந்த மாதிரி ஆயிடுது. இப்படி ஸ்பிரின்ட் ஸ்பிரின்ட்டா வேலை செய்யற முறைக்குப் பேரு ஸ்க்ரம், 2020ல வந்த அதோட வழிகாட்டி இதுக்கு நேர் எதிரா சொல்லுது, இது சேர்ந்து வேலை செய்யற கூட்டம், வெறும் பிரசென்டேஷனா சுருக்கிடாதீங்கன்னு. ரிலீஸ் பண்ண அனுமதி வாங்கற வாசலாவும் இதை நினைக்கக் கூடாதாம், முடிஞ்ச வேலையை ஸ்பிரின்ட் நடுவுலயே கூட வெளிய விடலாம். அதனால ‘ஒப்புதல் கூட்டம்’னு ஒருத்தர் குடுத்ததும் அடிபட்டுப் போகுது.

இழையில வந்த மத்த சொற்கள்ல ‘அரங்கேற்றம்’ நல்ல சொல்தான், கேக்கவே ஆசையா இருக்கு, ஆனா அரங்கேற்றத்துல யாராவது எழுந்து நின்னு இந்த அடவை மாத்துங்கன்னு சொல்வாங்களா? பாத்துட்டு கைதட்டிட்டுப் போவாங்க. நமக்கு வேண்டியது அந்த எழுந்து நிக்கற ஆள்தான். ‘வெள்ளோட்டம்’ இன்னும் அழகு, ஆனா அது சோதனைக்கு விடற பீட்டா ரிலீஸுக்கும் பைலட் முயற்சிக்கும் அப்படியே பொருந்துற சொல், இங்க செலவு பண்ண வேண்டாம். ‘செய்துகாட்டல்’ டெமோவுக்கு சரி, டெமோ இந்தக் கூட்டத்துல ஒரு பகுதிதான்.

நான் எதுக்கு இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, ஒரு கணக்கு சாஃப்ட்வேர்ல வேலை பாத்தப்ப நாலஞ்சு ஸ்பிரின்ட் ஸ்லைடு போட்டே ரிவ்யூ ஓட்டினோம், எல்லாரும் குட் குட்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அடுத்த தடவை ஸ்லைடே வேணாம்னு முடிவு பண்ணி, தினம் வவுச்சர் போடற அம்மாவைக் கூப்பிட்டு அவங்க முன்னாடியே லேப்டாப்பைத் திருப்பி வச்சோம். அவங்க மவுஸைத் தொடவே இல்லை. ஒரு கை பில்லு மேல, இன்னொரு கை கீபோர்டுல, தொகையை அடிச்சாங்க, டேப் தட்டினாங்க, கண்ணு பில்லை விட்டு எழும்பவே இல்லை, என்டர் தட்டினாங்க. போட்டது மொத்தமும் காணோம். ஏன்னா டேப் தட்டினா அடுத்த கட்டத்துக்குப் போகாம நேரா கேன்சல் பட்டனுக்குப் போயிருக்கு. நாங்க எல்லாரும் மவுஸ்லயே டெஸ்ட் பண்ணியிருந்தோம், ஒருத்தர் கண்ணுலயும் படலை. அவங்க கோவிச்சுக்கல, இன்னொரு பில்லை எடுத்து மறுபடி அடிச்சுக் காமிச்சாங்க, “நாங்க திரையைப் பாக்க மாட்டோம் தம்பி, தாளைத்தான் பாப்போம்”னாங்க. அந்த ஒரு வரிக்கு அப்புறம் எதை முதல்ல செய்யணும்னு முடிவு பண்ற ப்ராடக்ட் ஓனர் அங்கயே பேக்லாக்கை, அதாவது செய்ய வேண்டிய வேலைகளோட பட்டியலைத் திறந்து, மேல இருந்த கலர் கலரான சார்ட் வேலையைக் கீழ இறக்கிட்டு கீபோர்டு வேலையை மேல ஏத்தினாரு. அன்னிக்குத்தான் எங்க டீமுக்கு இந்தக் கூட்டம் எதுக்குன்னே புரிஞ்சுது.

இதுல யார் யாரை மீளாய்வு செஞ்சாங்க? யாரும் இல்லை. எல்லாரும் ஒரு பொருளைச் சுத்தி உட்கார்ந்து பாத்தாங்க, பேசினாங்க, அடுத்து என்னன்னு மாத்தினாங்க. கலந்து ஆய்ஞ்சாங்க. அதனாலதான் ‘கலந்தாய்வு’ங்கறேன். காலேஜ் அட்மிஷன் கலந்தாய்வோட குழம்பாதான்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி, ஆனா முன்னாடி ஒரு அடைச்சொல் வந்துட்டா அந்தக் குழப்பம் போயிடும்.

அந்த அடைச்சொல்லுக்கு, ஸ்பிரின்ட்டை அப்படியே மொழிபெயர்த்து ‘விரைவோட்டம்’னு வைக்க வேண்டாம்னு கேட்டுக்கறேன். ஸ்க்ரம்ங்கற பேரு ரக்பி ஆட்டத்துலேர்ந்து வந்துச்சு, 1986ல டாகெயுச்சி, நோனாகாங்கற ரெண்டு ஜப்பானிய மேலாண்மைப் பேராசிரியர்கள் எழுதின கட்டுரையில அந்த ஒப்புமை இருக்கு, ஸ்க்ரமை உருவாக்கின ஷ்வாபரும் சதர்லேண்டும் 1995ல ஸ்க்ரமை ஒரு மாநாட்டுல முன்வச்சாங்க, ஸ்பிரின்ட்டும் அதே விளையாட்டு வாடையோட நிலைச்சுப் போச்சு. ஆனா ஸ்பிரின்ட்டோட சாரம் வேகம் இல்லை, நீளம் மாறாம ஒரு மாசத்துக்குள்ள முடியற காலக்கெடு, அது முடிஞ்ச உடனே அடுத்தது தொடங்கிடும். அதுக்குத் தமிழ்ல ‘தவணை’ன்னு கைவசமே ஒரு சொல் இருக்கு. கடன் ஞாபகம் வருதேன்னு சிலர் முகம் சுளிக்கலாம், ஆனா தடுப்பூசிக்கு முதல் தவணை ரெண்டாம் தவணைன்னு எல்லாரும் இயல்பா சொன்னோம், இலங்கையில பள்ளிக்கூடப் பருவத்துக்கே தவணைன்னுதான் பேரு. ‘சுற்று’ன்னு சொன்னவங்களுக்கு, அதுவும் எனக்குப் பிடிக்கும், ஆனா புரோகிராம்ல லூப்புக்கு ஏற்கெனவே பல பேர் அதைப் பிடிச்சுட்டாங்க.

தவணைன்னு வச்சா குடும்பமே ஒழுங்கா வந்துடும், தவணைத் திட்டமிடல் (ஸ்பிரின்ட் பிளானிங்), தவணைக் கலந்தாய்வு, தவணைப் பின்னோக்கு (ரெட்ரோஸ்பெக்டிவ்). கடைசி ரெண்டையும் நிறைய பேர் ஒண்ணாக் குழப்பறாங்க, இந்த இழையிலயே நடந்துச்சு. கலந்தாய்வு பொருளைப் பத்தினது, வெளியாட்கள் உள்ள இருப்பாங்க, ஒரு மாச ஸ்பிரின்ட்டுக்கு அதிகபட்சம் 4 மணி நேரம், ஸ்பிரின்ட் சின்னதா இருந்தா நேரமும் குறையும். பின்னோக்கு டீம் தன்னைத்தானே பாத்துக்கறது, ஒரு மாச ஸ்பிரின்ட்டுக்கு அதிகபட்சம் 3 மணி நேரம், ஸ்பிரின்ட்டோட கடைசி நிகழ்வு அதுதான்.

சொல் சரியா இருந்தா நடத்தறதும் தானா திருந்தும்னு நம்பறேன். கலந்தாய்வுன்னு அழைப்பு அனுப்பினா, நிஜமா பயன்படுத்தறவங்களைக் கூப்பிடாம எப்படி கலக்கறதுங்கற கேள்வி உடனே வந்துடும். முடிஞ்சதுன்னு எதைச் சொல்றோமோ அந்த வரையறைக்கு வராத வேலையை அங்க காட்டவே கூடாது, “90 சதவீதம் ஆச்சு”ன்னு காமிச்சு நேரத்தை ஓட்டறது எதிர்ல இருக்கறவங்களை ஏமாத்தற வேலை. பேக்லாக் திரையில திறந்தே இருக்கணும், பேசினது அங்கயே அதுல ஏறணும். பேக்லாக்ல ஒரு வரி கூட மாறாம தொடர்ந்து மூணு கலந்தாய்வு முடிஞ்சா, யாரோ வாயைத் திறக்கலைன்னுதான் எனக்குத் தோணும்.

நேத்து டீம்ல சொல்லிப் பாத்தேன், “நாளைக்கு நாலு மணிக்கு கலந்தாய்வு, வவுச்சர் பிரிவுலேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்க”ன்னு. யாரும் என்ன அதுன்னு திருப்பிக் கேக்கலை.

எனக்கு இன்னும் சிக்கலா இருக்கறது ஸ்டேக்ஹோல்டர், அதாவது நாம செய்யற பொருள்ல அக்கறை உள்ள வெளியாள். ‘பங்குதாரர்’னா கம்பெனியில ஷேர் வச்சிருக்கறவர் ஆயிடறாரு, வவுச்சர் போடற அம்மாவை அப்படிக் கூப்பிட முடியாது. ‘அக்கறையாளர்’னு எழுதிப் பாத்தேன், முழுத் திருப்தி இல்லை. வேற யார்கிட்டயாவது சொல் இருந்தா போடுங்க, இல்லைன்னா இப்போதைக்கு ஸ்டேக்ஹோல்டர்னே எழுதிட்டு தவணைக் கலந்தாய்வை மட்டும் முடிவு பண்ணிடலாம்.