மாதம் 14,500 கட்டி மருத்துவக் காப்புறுதி எடுக்கலாமா? திருகோணமலை, இரண்டு சம்பளம், இரண்டு பிள்ளைகள்

உவர்மலை_43 எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 43, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கம்பனியில் குழு மருத்துவக் காப்புறுதி இல்லை. மனைவிக்கு 39, அரச பாடசாலை ஆசிரியை. பிள்ளைகளுக்கு 14, 9. அம்மா எங்களோடு இருக்கிறா, 67 வயது, சீனியும் பிரஷரும் உண்டு.

என் அடிப்படைச் சம்பளம் 62,000. சேர்விஸ் சார்ஜ் சீசனில் 50,000 வரை வரும், மற்ற மாதங்களில் 15,000தான். மனைவிக்குக் கைக்கு வருவது 68,000. வீட்டுச் செலவு, கடன் தவணை, டியூஷன் எல்லாம் சேர்த்து மாதம் 1,28,000.

இரண்டு முகவர்கள் வந்து போனார்கள். ஒருவர் தந்தது ஆயுள் காப்புறுதியோடு சேர்ந்த திட்டம், மாதம் 14,500. மற்றது ஆயுள் காப்புறுதி இல்லாத தனி மருத்துவக் காப்புறுதி. அம்மா தவிர்ந்த நாலு பேருக்கும் வருடம் 96,000, உச்சம் 10 லட்சம். எதை எடுப்பது? அல்லது பெரியாஸ்பத்திரி இருக்கும்போது இது தேவையே இல்லையா?

சீனக்குடா_கணக்கு:

முதலில் கணக்கைப் பார்ப்போம். சீசன் இல்லாத மாதத்தில் உங்கள் வருமானம் 62 + 15 + 68, ஆக 1,45,000. செலவு போக மிஞ்சுவது 17,000. அதில் 14,500 போனால் கையில் 2,500. மார்கழி மழையில் ஹோட்டல் வெறிச்சோடி, அதே நேரம் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துச் செலவும் வந்தால் அந்த 2,500 காணாது. ஒரு தவணை தவறும், அடுத்ததும் தவறும். பெரும்பாலான பாலிசிகளில் சலுகைக் காலம் 30 நாள்தான். அது தாண்டினால் பாலிசி காலாவதி. பிறகு புதுப்பிக்கலாம் என்பார்கள். ஆனால் புதுப்பித்த நாளிலிருந்து காத்திருப்புக் காலங்கள் (கோரிக்கை போட முடியாத ஆரம்ப நாட்கள்) திரும்ப ஓடத் தொடங்கும், சிலவேளை மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள். வருத்தம் வருகிற நேரத்தில் காப்புறுதி இல்லாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கிறார்கள்.

அதனால் மாதத் தவணையை நிரந்தர வருமானத்தை வைத்து மட்டும் தீர்மானியுங்கள். சேர்விஸ் சார்ஜைக் கணக்கில் எடுக்க வேண்டாம். என் அளவுகோல்: சீசன் இல்லாத மாதத்தில் மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது. உங்களுக்கு அது ஐந்து, ஐயாயிரத்து ஐந்நூறு.

இனி அந்த 14,500ஐ உடைத்துப் பாருங்கள். முகவர் தந்த விலைமதிப்புத் தாளில் அடிப்படைப் பாலிசி எவ்வளவு, ஒவ்வொரு மேலதிக நன்மைக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அதை இங்கே போடுங்கள். பெரும்பகுதி சேமிப்புக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டு யூடியூப் வீடியோக்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அவர்கள் சொல்லும் 80டி வரிச்சலுகை இந்தியச் சட்டம். இங்கே மருத்துவக் காப்புறுதிக்கும் சேர்த்து ஒரு செலவுச் சலுகை 2020 தொடக்கம் 2022 முடியும் வரை இருந்தது, 2023 ஜனவரியிலிருந்து அதுவும் இல்லை. "வரியில் கழிக்கலாம்" என்று முகவர் சொன்னால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேளுங்கள்.

கோணேசர்வீதி_அக்கா:

தம்பி, நீங்கள் ஒண்டைக் கவனிக்கேல்லை. மனைவி அரச ஆசிரியை எண்டால் அவவின்ர சம்பளப் பட்டியலை எடுத்துப் பாருங்கோ. "அக்ரஹார" எண்டு ஒரு கழிவு இருக்கும். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துற அரச ஊழியர் காப்புறுதி அது. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அதுக்குள்ள வருவினம். சாதாரணம், வெள்ளி, தங்கம் எண்டு தரம் இருக்கு, கழிவும் நன்மையும் தரத்துக்கு ஏத்த மாதிரி. வெளியில 96,000 கட்ட முதல், தரத்தை உயர்த்தினால் எவ்வளவு கூடக் கழியும், எவ்வளவு நன்மை கூடும் எண்டு வலயக் கல்வி அலுவலகத்தில ஒருக்கா கேட்டுப் பாருங்கோ. அதுதான் ஆக மலிவு. கனபேர் மாதா மாதம் காசு கழியுது எண்டதே தெரியாமல் ஆஸ்பத்திரி பில்லைக் குப்பையில போடினம். கோரிக்கைப் படிவத்தை அதிபர் உறுதிப்படுத்தி அனுப்ப வேணும், குறிச்ச நாளுக்குள்ள போக வேணும்.

பிள்ளைகளுக்குச் "சுரக்ஷா" மாணவர் காப்புறுதி இருக்கு. 2017ல தொடங்கினது, இடையில நிண்டு பிறகு வந்தது. இந்த வருசத்துக்கு நடைமுறையில இருக்கோ எண்டு வகுப்பாசிரியரைக் கேளுங்கோ. அதுக்கு நீங்கள் தனியாக் கட்ட ஒண்டும் இல்லை.

அம்மாவுக்குப் புதுசா ஒண்டும் எடுக்க ஓட வேண்டாம். 67 வயது, சீனி, பிரஷர். கனக்க இடத்தில எடுக்கவே மாட்டினம், எடுத்தாலும் இருக்கிற வருத்தத்தை விலக்கிப்போட்டுத்தான் தருவினம். கிளினிக் கொப்பியை ஒழுங்கா வைச்சுப் பெரியாஸ்பத்திரியிலயே காட்டுங்கோ. மாதம் ஒரு நாலாயிரம் அவவுக்கெண்டு தனிக் கணக்கில போடுங்கோ. வெளியில செய்யச் சொல்லுற ஸ்கான், கிடைக்காத மருந்து, கண்டிக்கோ அனுராதபுரத்துக்கோ மாத்தினால் கூட நிக்கிற ஆளின்ர சாப்பாடு, தங்குமிடம், இதுகளுக்குத்தான் காசு தேவைப்படும். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலவசம்.

பெரிய சத்திரசிகிச்சை எண்டு வந்தால் ஜனாதிபதி நிதியம் இருக்கு. 2025 பெப்ரவரியில இருந்து அதுக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலயே விண்ணப்பிக்கலாம். உங்களுக்குப் பட்டணமும் சூழலும். குடும்ப வருமானம் பாப்பினம், செலவு முழுக்கத் தர மாட்டினம். ஒப்பரேசனுக்கு நாள் குறிச்ச உடனேயே போய்க் கேளுங்கோ, செய்து முடிச்சுப்போட்டுப் போக வேண்டாம்.

உவர்மலை_43:

நன்றி அக்கா, பார்த்தேன், சம்பளப் பட்டியலில் இருக்கிறது. சாதாரண தரம். 14,500இன் பிரிவு இதுதான்: அடிப்படைப் பாலிசி 9,800, வைத்தியசாலைச் செலவு மீளளிப்பு 3,100, கடும்நோய் நன்மை 1,100, நாளாந்த வைத்தியசாலைக் கொடுப்பனவு 500.

இன்னொரு கேள்வி. போன வருடம் எனக்குச் சீனி எல்லையில் இருக்கிறது என்று டொக்டர் சொன்னார், மருந்து இல்லை. முகவர் "அதை எழுதத் தேவையில்லை" என்கிறார்.

பில்_பார்ப்பவன்:

எழுதுங்கள். முன்மொழிவுப் படிவத்தில் கையெழுத்து உங்களுடையது, முகவருடையது அல்ல. நாளைக்கு மாரடைப்பு என்று கோரிக்கை போனால் அவர்கள் முதலில் கேட்பது பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் கிளினிக் பதிவுகளையும்தான். அதில் சீனி பற்றி ஒரு வரி இருந்து, படிவத்தில் "இல்லை" என்று இருந்தால் தகவலை மறைத்ததாகச் சொல்லிப் பாலிசியையே இரத்துச் செய்யலாம். எழுதினால் தவணை கொஞ்சம் கூடலாம், அல்லது சீனியால் வருவதற்குக் காப்பு இல்லை என்று ஒரு விலக்கு போடலாம். அதை ஏற்றுக்கொள்வதா என்பதை அப்போது தீர்மானிக்கலாம். தமிழ்ப் படிவம் கேட்டு வாங்கி உங்கள் கையாலேயே நிரப்புங்கள், கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

இனி 14,500 விஷயம். மருத்துவத்துக்குப் போவது 4,700 மட்டும், மிச்சம் 9,800 ஆயுள் காப்பும் சேமிப்பும். சேமிப்பு வேண்டுமென்றால் வங்கியில் வையுங்கள். இங்கே ஒரு சிக்கல்: மேலதிக நன்மைகளைத் தனியாக வாங்க முடியாது, அவை அடிப்படைப் பாலிசியில் தொங்குபவை. அடிப்படை காலாவதியானால் எல்லாமே போகும். ஆகவே முகவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த நன்மைகளைத் தர ஆகக் குறைந்த அடிப்படைத் தவணை எவ்வளவு?" அந்த விலைமதிப்பை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று நன்மைகளும் மூன்று விதமாக வேலை செய்கின்றன. மீளளிப்பு என்பது தனியார் வைத்தியசாலை பில்லுக்கு. நீங்கள் கொழும்பு, கண்டி போய்த் தனியாரில் செய்ய மாட்டீர்கள் என்றால் அது பெரும்பாலும் பயன்படாது. நாளாந்தக் கொடுப்பனவு அரச வைத்தியசாலை விடுதியில் கிடந்தாலும் வரும், பில் தேவையில்லை. திருகோணமலையில் இருப்பவருக்கு ரூபாய்க்கு ரூபாய் அதிகம் பயன்படுவது இதுதான், ஆனால் முகவர்கள் இதைக் கடைசி வரியில் போடுவார்கள். கடும்நோய் நன்மை என்பது பட்டியலில் உள்ள நோய் உறுதியானால் ஒரு தொகையை மொத்தமாகத் தருவது. பெரும்பாலும் முதல் 90 நாளுக்குக் காப்பு இல்லை, நோய் உறுதியான பின் குறித்த நாட்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. "மாரடைப்பு" என்று பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, அதன் வரைவிலக்கணத்தை வாசியுங்கள். ஸ்டென்ட் போட்டால் முழுத் தொகையா, ஒரு பங்கா என்று அங்கேதான் இருக்கும்.

தனிப் பாலிசியின் "10 லட்சம்" என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது நாலு பேருக்கும் சேர்ந்த வருட உச்சம். ஓர் அனுமதிக்கு எவ்வளவு, அறை வாடகை நாளுக்கு எவ்வளவு, சத்திரசிகிச்சைக்கு அட்டவணைப்படி எத்தனை வீதம் என்று கேளுங்கள். ஹேர்னியா, கற்றராக்ட், டொன்சில் போன்றவற்றுக்கு நீண்ட காத்திருப்பு இருக்கும். வெளிநோயாளர் செலவு, பல், கண்ணாடி இவற்றைச் சேர்த்தால் தவணை ஏறும். சேர்க்காதீர்கள். தனியாரில் டொக்டரைக் காட்டும் 3,000 ரூபாய் சனலிங் செலவுக்குக் காப்புறுதி வாங்குவது நட்டம்.

சீனக்குடா_கணக்கு:

மீளளிப்பு பயன்படாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அரச வைத்தியசாலையில் ஒரு சத்திரசிகிச்சைக்கு வரிசை மாதக்கணக்கில் நீளும்போது தனியார் பக்கம் போகத்தான் வேண்டி வரும். அதற்காக 96,000ம் கட்டத் தேவையில்லை. முதல் ஒரு லட்சத்தை நீங்களே ஏற்பதாகச் சொல்லி விலைமதிப்புக் கேளுங்கள். சிறிய பில்கள் கம்பனிக்குப் போகாவிட்டால் தவணை இறங்கும். அந்த ஒரு லட்சத்துக்கு அக்ரஹாரவில் கோரலாம். மூலப் பற்றுச்சீட்டு ஓரிடத்துக்குத்தான் போகும், மற்ற இடத்துக்கு உறுதிப்படுத்திய பிரதியும் முதல் கம்பனி எவ்வளவு தந்தது என்ற கடிதமும் வேண்டும்.

தனிப் பாலிசி வருடா வருடம் புதுப்பிப்பது. வயதுப் படி மாறும்போது தவணை துள்ளும். 45க்கும் 50க்கும் எவ்வளவு வரும் என்ற அட்டவணையை இப்போதே கேளுங்கள்.

பில்_பார்ப்பவன்:

சரி, முதல் ஒரு லட்சத்தை நாமே ஏற்கும் கழிவோடு என்றால் நானும் சம்மதம்.

கோரிக்கை திரும்பி வருவது பெரும்பாலும் டயக்னோசிஸ் கார்டால்தான், அதாவது வெளியேறும்போது வைத்தியசாலை தரும் நோய் விபர அட்டை. விடுதியை விட்டு வரும்போது, வாசலுக்கு வருமுன்னே, அதில் இவற்றைப் பாருங்கள்: அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், வயது, அனுமதித்த திகதி, வெளியேறிய திகதி, விடுதி இலக்கம், நோயின் பெயர், வைத்தியர் கையெழுத்து, முத்திரை. அப்பாவின் பெயர் முன்னால் வந்து சொந்தப் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிப் போவது நம்மவர்களுக்கு அடிக்கடி நடப்பது. அங்கேயே திருத்தலாம். பிறகு என்றால் பதிவறைக்கு அலைய வேண்டும். வேறு வைத்தியசாலைக்கு மாற்றினால் இரண்டு இடத்துக் கார்டும் தேவை, இல்லாவிட்டால் இரண்டாவது இடத்து நாட்களை மட்டும் எண்ணுவார்கள். சொல்லாமல் வெளியேறினால் கார்டே கிடைக்காது. மூலத்தைக் கொடுக்கும் முன் மூன்று பிரதி எடுங்கள், ஒன்று கிளினிக்குக்கு. கோரிக்கை அனுப்பும் கெடு கம்பனிக்குக் கம்பனி மாறும், பாலிசிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு ஓர் அடையாளம் வையுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு, பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மன் அல்லது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு.

உவர்மலை_43:

அக்ரஹார தரத்தை உயர்த்துவது, ஒரு லட்சம் கழிவோடு தனிப் பாலிசி, இதில் இறங்கலாம் என்று நினைக்கிறோம். நாளாந்தக் கொடுப்பனவும் கடும்நோயும் குறைந்த அடிப்படையோடு 5,000க்குள் வந்தால் அதையும் எடுப்போம். தனிப் பாலிசிக்கு மாதா மாதம் கட்டுவதா, வருடமாகவா?

சீனக்குடா_கணக்கு:

வருடமாக. மாதத் தவணைக்குச் சில கம்பனிகள் மேலதிகமாகச் சேர்க்கும். உங்கள் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. அந்த ஐந்து மாதமும் சேர்விஸ் சார்ஜில் கூடுதலாக வருவது மாதம் 35,000. அதில் 15,000 வீதம் தனிக் கணக்கில் போட்டால் செப்டெம்பரில் 75,000 நிற்கும். பாலிசி தொடக்கத் திகதியைச் செப்டெம்பர் கடைசிக்கு வையுங்கள், அப்போது ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பு கையில் காசு இருக்கும் நேரத்தில் வரும். முகவர் "இந்த மாதமே போடுவோம்" என்று அவசரப்படுத்துவார், அவருக்கு மாத இலக்கு இருக்கிறது. ஆயுள் பாலிசியின் 5,000க்கு மனைவியின் சம்பளம் விழுகிற கணக்கிலிருந்து, சம்பள நாளுக்கு இரண்டு நாள் கழித்து, நிலையான கட்டளை (மாதா மாதம் வங்கியே தானாகக் கட்டும் ஏற்பாடு) கொடுங்கள். சம்பள நாளன்றே வைத்தால் சம்பளம் ஒரு நாள் பிந்தினாலும் கட்டளை திரும்பிவிடும், வங்கியும் அதற்கு ஒரு கட்டணம் வெட்டும்.