தோடர்களின் தாய்வழி பற்றி உதவி வேண்டும்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். நீலகிரித் தோடர்களின் தாய்வழி மரபணு பற்றிப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு தொகுப்பு செய்கிறோம்.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் டிஎன்ஏ பற்றிப் பாடம் நடத்தியபோது தொடங்கியது இது. 16,569 எழுத்து கொண்ட சின்ன வளையம். தாயிடமிருந்து மகனுக்கும் வரும், ஆனால் மகள் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். "ஆயாவோட (அம்மாவோட அம்மா) அம்மா, அவங்களோட அம்மா பேரைச் சொல்லுங்க" என்றேன். நகரத்தார் வீட்டுப் பிள்ளை ஒருத்தி இளையாற்றங்குடிக் கோவில் என்று, தகப்பன் வழியில் வரும் தங்கள் குலக் கோவில் பிரிவைப் பட்டென்று சொன்னாள். தாய்வழியில் ஆயாவோடு நின்றுவிட்டாள். எனக்கும் அதற்கு மேல் வரவில்லை. மனசுக்கு உறுத்தலாக இருந்தது.

எருமை வளர்த்து மந்து எனப்படும் சிற்றூர்களில் வாழும் தோடர்களிடம் தகப்பன்வழிக் குலம், தாய்வழிக் குலம் இரண்டுமே உண்டு. மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-ல் வெளியிட்ட தோடர்களின் வம்சாவளிப் பட்டியல்கள் கிடைத்துவிட்டன. தாய்வழிக் குலங்களைத் தெளிவுபடுத்திய மொழியியலாளர் எமனோவின் 1930-களின் கட்டுரை யாரிடமாவது இருக்கிறதா?

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வைத்துப் பிரிக்கும் தாய்வழிக் கிளைகளில் (haplogroup) இந்தியாவில் எம் (M) என்பதுதான் அதிகம். தோடர்களிடம் அதன் எந்த உட்கிளைகள் பதிவாகியுள்ளன? ஆய்வுக் கட்டுரை இருந்தால் பகிருங்கள்.

ஊட்டி நண்பர்களே, மந்தில் பெரியவர்களைப் பார்க்க முதலில் யாரிடம் அனுமதி கேட்பது? எச்சில், ரத்தம் எதுவும் எடுக்க மாட்டோம். இறந்தவர் பேரைச் சொல்வது அவர்களிடம் விலக்கு என்று ரிவர்ஸே எழுதியிருக்கிறார். பிள்ளைகள் ஆர்வத்தில் கேட்டு அவர்களை நோகடித்துவிடக் கூடாது. எப்படிக் கேட்பது முறை என்று தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள். அரையாண்டு விடுமுறையில் வரலாம் என்று இருக்கிறோம்.